கிராபிக்ஸ் கார்டும் கோடை உஷ்ணமும்

கணிப்பொறியில் காட்சிகளைத் தீட்டும் கிராபிக்ஸ் கார்டுக்கு முழுப் பளுவும் கொடுத்துச் சோதிப்பதுண்டு. ஃபர்மார்க் போன்ற மென்பொருள்கள் இதற்கெனவே இருக்கின்றன. அப்பொழுது திரையில் 80 டிகிரி என்று கண்டதும் நம்மில் பலர் கலங்குகிறோம். மனித உடலின் அளவுகோலைச் சிலிக்கனுக்கு வைப்பதால் எழும் கலக்கம் அது.

என்விடியா நிறுவனம் ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுக்கு விதித்த உச்ச வரம்பு 93 டிகிரி செல்சியஸ்; 4090 கார்டுக்கு 90. ஏஎம்டி நிறுவனமோ ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி கார்டில், சிப்பின் மிகச் சூடான இடம் 110 டிகிரி வரை செல்வது இயல்பே என 2019-இல் அறிவித்தது. ஆகவே காணும் எண் எவ்விடத்து உஷ்ணம், அக்கார்டின் வரம்பு யாது என்று முதலில் அறிதல் வேண்டும்.

வரம்பை எட்டினால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும், உடனே கருகிவிடாது. ஆயினும் அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தால் வாங்கிய வேகம் நமக்குக் கிட்டாமற்போகும்.

அறையின் உஷ்ணத்தையும் நாம் கணக்கில் கொள்ளவேண்டும். 25 டிகிரி அறையில் 70 காட்டும் கார்டு, காற்றாடி அதே வேகத்தில் சுழலுமாயின், 40 டிகிரி அறையில் ஏறத்தாழ 85-ஐத் தொடும். மார்கழியில் தேறிய கார்டு வடநாட்டு மே மாத நண்பகலிலும் தேறும் என்று கொள்ளலாகாது.

சோதனையில் உஷ்ணம் கால்மணி நேரத்தில் ஓரளவு நிலைகொள்ளும். அதன்பின்னும் ஏறிக்கொண்டே வரம்பை நெருங்கினால் சோதனையை நிறுத்துவோம். தூசியைத் துடைத்து, பெட்டியில் காற்றுக்கு வழிசெய்து, மீண்டும் சோதிப்போம்.