நல்ல விமான நிலையம் எது?

வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழர் நால்வர் ஓரிடத்தில் கூடினால், முன்பெல்லாம் ரயிலைப் பற்றிய பேச்சே முதலில் எழும். எந்த வண்டி நேரத்துக்குப் போய்ச் சேரும், எந்த நிலையத்துக் குழாயில் நல்ல தண்ணீர் வரும், நாகபுரியில் ஆரஞ்சுப் பழம் வாங்க அவகாசம் இருக்குமா, விஜயவாடாவில் தயிர்ச்சாதம் அகப்படுமா என்பவை அந்தப் பேச்சின் பொருள்கள். இப்பொழுது அந்த இடத்தை விமான நிலையங்கள் பிடித்துக்கொண்டுவிட்டன. தில்லி கரோல்பாகிலும், மும்பை மாதுங்காவிலும், கொல்கத்தா லேக் மார்க்கெட்டுப் பக்கத்திலும் நம்மவர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இந்த விவாதத்தைக் கேட்கலாம். ஒருவர் தில்லியைப் புகழ்வார். மற்றொருவர் பெங்களூரைப் போல் உண்டா என்பார். மூன்றாமவர், சென்னையில் கூரை தலையில் விழாமல் வந்து சேர்ந்தோமே, அதுவே பெரிது என்று சொல்லிச் சிரிப்பார். எது நல்லது, எது பொல்லாதது என்ற இக்கேள்வியைச் சற்று நிதானமாகவே ஆராய்ந்து பார்க்கலாம்.

உலகத்து விமான நிலையங்களை வரிசைப்படுத்துவதற்கென்றே நிறுவனங்கள் உண்டு. ஸ்கைடிராக்ஸ் என்பது ஒன்று. அதன் பட்டியலில் சிங்கப்பூரின் சாங்கி நிலையம் பலமுறை முதலிடம் பெற்றிருக்கிறது. விமான நிலையங்களின் சர்வதேசச் சங்கம் நடத்தும் கணிப்பு மற்றொன்று. விமானம் ஏறக் காத்திருக்கும் பிரயாணிகளிடம் வினாத்தாளைக் கொடுத்து, தூய்மை எப்படி, இருக்கை எப்படி, சிப்பந்திகளின் மரியாதை எப்படி என்று கேட்டு இதில் மதிப்பெண் போடுகிறார்கள். முறை நல்ல முறைதான். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சரியான வாயிலைக் கண்டுபிடித்து, சோதனைகளை எல்லாம் கடந்து, நாற்காலியில் அமர்ந்து மூச்சு விட்டவரிடமே இந்த வினாத்தாள் போய்ச் சேருகிறது. கம்பிக்கு அப்பால் நின்று கையசைப்பவரையும், வாடகைக் காருடன் வெளியே காத்துக் கிடப்பவரையும் யாரும் கேட்பதில்லை. 2024 ஜூன் 28 அன்று தில்லியின் முதல் முனையத்து முகப்புக் கூரை பெருமழையில் சரிந்து ஓர் உயிர் போயிற்று. அவர் வாடகைக் கார் ஓட்டி, பிரயாணி அல்லர்.

ஆகவே அந்தப் பட்டியல்களை ஒருபுறம் வைத்துவிட்டு நாமே ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்வோம். தஞ்சைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழும் அம்மா ஒருவரை மனத்தில் கொள்ளுங்கள். வயது எழுபதுக்கு மேல். தமிழ் ஒன்றே தெரியும். பேரன் பிறந்திருக்கிறான் என்று மகள் அழைக்க, தனியே விமானம் ஏறி வருகிறார். இப்படி ஓர் அம்மா இல்லாத தமிழ்க் குடும்பம் வெளி மாநிலங்களில் அநேகமாக இராது. அந்த அம்மாவை எந்த நிலையம் அலைக்கழிக்காமல், அவமானப்படுத்தாமல், பசியும் தாகமும் இன்றி மகளிடம் ஒப்படைக்கிறதோ அதுவே நல்ல நிலையம் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கோலால் அளந்தால் சில கணக்குகள் மாறுகின்றன.

கட்டடத்தின் அழகுக்கும் நிலையத்தின் பயனுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பதற்கு நம் நாட்டு ஆகாயப் போக்குவரத்தின் தொடக்கமே சான்று. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் ஒரு சிறு விமானத்தை ஓட்டிக்கொண்டு பம்பாய் ஜூஹூவில் வந்திறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் அந்தத் தபாலைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். ஜூஹூ அப்போது கடலோரத்துச் சேற்று மைதானம். அலுவலகம் என்பது ஓலைக் கொட்டகை. மழைக்காலத்தில் மைதானமே நீரில் மூழ்கிவிடுமாதலால் அந்த மாதங்களில் புனாவுக்கு இடம் மாறினார்கள். இன்றைய பரிசுப் பட்டியல் எதிலும் ஜூஹூவுக்கு இடம் கிடைத்திராது. எனினும் கடிதம் போய்ச் சேர்ந்தது.

இனித் தில்லி. அங்கே பழந்தமிழ்க் குடும்பங்கள் இன்றும் பாலம் என்ற பழைய பெயராலேயே நிலையத்தைக் குறிப்பிடுவதுண்டு. நம் எழுத்தில் எழுதினால் அது ஆற்றைக் கடக்கும் பாலமாகவே தோன்றும், பொருத்தமான பெயர்தான். காமன்வெல்த் விளையாட்டுகளை ஒட்டி 2010 ஜூலையில் திறக்கப்பட்ட மூன்றாவது முனையம், 168 பதிவு மேடைகளும் விமானத்தோடு இணையும் 78 நடைபாலங்களும் கொண்டு எழுந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திறங்குவோரைச் சுவரிலிருந்து நீண்டிருக்கும் பெரிய கைகளின் முத்திரைகள் வரவேற்கும். பரத நாட்டியம் பார்த்த கண்ணுக்கு அவை அந்நியமாகத் தோன்றமாட்டா. 2011 பிப்ரவரி முதல் புதுதில்லி ரயில் நிலையத்திலிருந்து மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. குறை எங்கே என்றால், நடையில்தான். நகரும் நடைமேடைகள் உண்டு என்பது மெய்யே. ஆனால் புடைவைத் தலைப்பை ஒரு கையிலும் முறுக்குப் பையை மற்றொரு கையிலும் பிடித்துக்கொண்டு, ஓடுகிற தரையில் முதல் அடியை எடுத்து வைப்பது எழுபது வயதில் எளிய காரியமா? அதன் ஓரமாக நடந்தே போய்விடும் அம்மாக்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். டிசம்பர், ஜனவரிப் பனிமூட்டத்தைப் பற்றித் தில்லி நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

பெங்களூரின் நிலையம் அழகில் எல்லாவற்றையும் விஞ்சியது. 2022 நவம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட இரண்டாவது முனையத்தை மூங்கிலும் கொடியும் தொங்கும் தோட்டமுமாக அமைத்திருக்கிறார்கள். அதன் உள்ளழகுக்கு 2023-இல் பிரீ வெர்சாய் என்னும் சர்வதேசப் பரிசும் கிடைத்தது. ஆனால் இது நகரின் நடுவிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், தேவனஹள்ளியில் இருக்கிறது. 2008 மே மாதம் வரையில் விமானங்கள் எச்.ஏ.எல். மைதானத்தில் இறங்கின. இடம் குறுகியது, கூட்டம் நெரிந்தது, எல்லாம் உண்மை. அல்சூரில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர்களுக்கோ அது அடுத்த பேட்டை. இன்று வானத்தில் ஒரு மணி நேரம் பறந்து வந்தவர் தரையில் இரண்டு மணி நேரம் ஊர்ந்து வீடு சேர்கிறார். பூந்தோட்டத்தைப் பார்க்க அவருக்கு எங்கே மனம் வரும்?

மும்பையின் இரண்டாவது முனையம் 2014-இல் திறந்தது. மயில்தோகையை நினைந்து வரைந்த கூரை. நாட்டின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய ஆயிரக்கணக்கான கலைப்பொருள்கள் பதித்த நெடுஞ்சுவர். காண வேண்டியவையே. ஆயினும் அங்குள்ள இரு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்வதால் இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்த இயலாது. ஆகையால்தான் விமானம் கடலின்மேல் வட்டமிட்டுக்கொண்டே இருக்கிறது. நவி மும்பையில் 2025 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட புதிய நிலையம் இந்த நெருக்கடியைக் குறைப்பதற்காகவே எழுந்தது. அதன்பின், அம்மாவை அழைக்கச் செல்லும் மாதுங்கா மருமகன், எந்த நிலையம் என்று இருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

கொல்கத்தாவைப் பற்றி ஒரே ஒரு செய்தியை மட்டும் விரித்துச் சொல்ல விரும்புகிறோம். விமான நிலையத்துத் தேநீரின் விலையைக் கண்டு திகைக்காத நடுத்தர வகுப்பினர் இல்லை. ஊரில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் பணத்தைக் காகிதக் கோப்பைத் தேநீருக்குக் கொடுக்க மனம் ஒப்பாமல், நாக்கு வறண்டாலும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் உண்டு. இலவசக் குடிநீர்க் குழாய் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது. 2024 டிசம்பரில் தம்தம் நிலையத்தில் விமான நிலைய ஆணையம் ‘உடான் யாத்ரி கஃபே’ என்று ஒரு கடை வைத்தது. தேநீர் 10 ரூபாய், தண்ணீர் பாட்டில் 10 ரூபாய், காப்பி 20 ரூபாய், சமோசா 20 ரூபாய். 2025 பிப்ரவரியில் சென்னையிலும் அத்தகைய கடையைத் திறந்தார்கள். கூரைக்கும் சுவருக்கும் செலவழித்த கோடிகளோடு ஒப்பிட்டால் இதற்கு ஆன செலவு ஒரு பொருட்டே அன்று. ஆனால் நம் அம்மாவின் கோலால் அளந்தால் தம்தம் ஒரே நாளில் பல படி ஏறிவிட்டது.

சென்னைக்கு வருவோம். 2013-இல் புதிய முனையங்கள் செயற்பட்ட பிறகு, அங்கே கண்ணாடித் தகடுகளும் கூரைப் பலகைகளும் அடிக்கடி கழன்று விழுந்தன. பத்திரிகைகள் கிரிக்கெட் ஓட்டங்களைப் போல் அவற்றுக்குக் கணக்கு வைத்து எழுதிவந்தன. வெளியூர்த் தமிழர் நாணிய விஷயம் இது. 2023 ஏப்ரலில் புதிய ஒருங்கிணைந்த முனையத்தின் முதற் பகுதி தொடங்கிவைக்கப்பட்டது. தோற்றத்தில் இப்போது குறைசொல்ல இடமில்லை. ஆனால் பரிகாசத்துக்கு ஆளாயிருந்த நாளிலும் சென்னைக்கு ஒரு சிறப்பு இருந்தது. சாலைக்கு அப்பால் திரிசூலம் ரயில் நிலையம். மின்சார ரயிலில் சில்லறைக் காசுக்குச் சீட்டு வாங்கித் தாம்பரத்துக்கோ, செங்கற்பட்டுக்கோ, எழும்பூருக்கோ போய்விடலாம். 2016 செப்டம்பரில் மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்தது. சாவுச் செய்தி கேட்டு, கையில் ஒரு பையுடன் விடியற்காலை விமானத்தில் வந்திறங்கும் மகனுக்குத் தகனத்துக்கு முன் வீடு சேர்வதுதான் கவலை. அவன் கூரையை அண்ணாந்து பார்ப்பதில்லை. அந்த மகனுக்குச் சென்னையே இந்நாட்டின் நல்ல நிலையங்களுள் ஒன்று என்று நாம் துணிந்து சொல்வோம்.

இனி, நம் கருத்தில் மிக முக்கியமானதற்கு வருகிறோம். அது மொழி. மும்பை உள்ளிட்ட சில பெரிய நிலையங்களில் ஒலிபெருக்கி அறிவிப்புகளைக் கைவிட்டுவிட்டார்கள். மௌன நிலையம் என்று அதற்குப் பெயர். இரைச்சல் இல்லை, தலைவலி இல்லை என்று அடிக்கடி பறப்பவர்கள் பாராட்டுகிறார்கள். பலகையில் ஆங்கிலத்தில் ஓடும் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது சுகமே. படிக்கத் தெரியாதவருக்கோ காதையும் அடைத்துவிட்டது போலாகிறது. வாயில் எண் கடைசி நேரத்தில் மாறினால் அவர் பழைய வாயிலிலேயே அமர்ந்திருப்பார். விமானம் வேறிடத்திலிருந்து புறப்பட்டுப் போய்விடும். அறிவிப்புகள் முதலில் அந்தந்த வட்டார மொழியிலும், பின்னர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் செய்யப்பட வேண்டும் என்று 2018 இறுதியில் விமான நிலைய ஆணையம் தன் நிலையங்களுக்குப் பணித்தது. நல்ல உத்தரவு, ஆனால் மௌன நிலையங்களுக்கு அது பொருந்தாது. தில்லியில் தமிழ் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து புறப்படும்போதாவது, ஏறும் வாயிலில் தமிழ் அறிந்த ஒருவர் நின்று வாயால் சொல்ல வேண்டும் என்பதே நாம் கேட்பது.

சக்கர நாற்காலியின் கதையும் இதனோடு சேர்ந்ததே. நன்றாக நடக்கக்கூடிய முதியோரும் சக்கர நாற்காலி கேட்கிறார்கள் என்று விமானக் கம்பெனிகள் முணுமுணுக்கின்றன. கேட்பது காலுக்காக அன்று. தள்ளிக்கொண்டு போகும் பிள்ளைக்காக. அவன் வழி அறிந்தவன், சோதனைக்காரரிடம் பேசுவான், சரியான வாயிலில் விடுவான். துணைக்கு ஓர் ஆள் என்று தனியே கேட்க வழி இருக்குமானால் நாற்காலிகள் பல, நடக்க இயலாதவர்க்கு மிஞ்சும். இந்த ஏற்பாட்டைச் செய்யும் நிலையத்தை நாம் தயங்காமல் பட்டியலின் தலையில் வைப்போம்.

வழியனுப்பும் வழக்கமும் மாறிவிட்டது. ரயிலடியில் குடும்பமே வண்டிப் பெட்டிவரை வந்து, சாமானை ஏற்றி, ஜன்னல் வழியே தண்ணீர்ப் பாட்டிலை நீட்டும். 1999 டிசம்பரில் காத்மண்டு விமானம் கடத்தப்பட்ட பின், 2000-ஆம் ஆண்டு முதல் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை ஒவ்வொரு நிலையமாகக் காவலை ஏற்றுக்கொண்டது. சீட்டும் அடையாளச் சான்றும் இல்லாதவர் பொதுவாக உள்ளே போக முடிவதில்லை. காவலைக் குறைசொல்வதற்கில்லை. ஆனால் வாசலிலேயே பிரிந்து, கண்ணாடிக் கதவுக்குள் அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவதைக் காண நேர்கிறது.

சிறு நிலையங்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. தூத்துக்குடிக்கு வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்தார்கள். திருச்சியின் புதிய முனையம் 2024 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது, கோயிற் கலையை நினைவூட்டும் வண்ணங்களுடன். முன்னைவிடப் பெரியவையாயினும், வழிதவறும் அளவுக்கு அவை இன்னும் வளரவில்லை. தஞ்சை அம்மாவுக்குச் சென்னையைவிடத் திருச்சி அருகில். சற்றே விலை கூடினாலும் அங்கிருந்து ஏற்றிவிடுவது மேல்.

ஊரிலிருந்து பெற்றோரை அழைக்கும் நேயர்கள் சீட்டு வாங்கும்போதே எந்த முனையம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். சக்கர நாற்காலி தேவையானால் புறப்பாட்டுக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும். வெறும் பாட்டில் ஒன்றைப் பையில் வைத்தால் சோதனைக்குப் பின் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். ஒரு தாளில் விமானத்தின் எண்ணையும், உங்கள் பெயரையும், தொலைபேசி எண்ணையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி, அம்மாவின் இடுப்புப் பையில் அன்று, கையிலேயே இருக்கும்படி கொடுத்தனுப்புங்கள்.