கடன் அட்டையும் அரசாங்க வேலையும்

(பொங்கோலில் ஒரு வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

நம் பிள்ளைக்கு அரசாங்க வேலை தட்டிப் போனால், "தமிழன் என்று தள்ளிவிட்டார்கள்" என்போம். அப்படி நடந்தால் தட்டிக் கேட்கத்தான் நாம் இருக்கிறோம். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் கதை வேறு. நேர்முகத் தேர்வில் தேறிவிட்டான். பாரம் நிரப்பும்போது மாட்டிக்கொண்டான். அக்கா கல்யாணத்துக்கு அவன் பெயரில் வங்கிக் கடன், மண்டபத்துக்கும் நகைக்கும் இரண்டு கடன் அட்டை. சூதாடவில்லை, குடிக்கவில்லை. குடும்பத்துக்காகத் தோள் கொடுத்தவன் அவன்.

சிங்கப்பூரில் அரசாங்க ஊழியர் வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுதோறும், தாம் கடன் நெருக்கடியில் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நொடித்துப் போனவர் மட்டும் இதில் சிக்குவதில்லை. பிணையில்லாத கடன் மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டினாலே நெருக்கடிதான். வீட்டுக் கடனுக்கு வீடே பிணை, அது இந்தக் கணக்கில் வராது. கடன் அட்டைப் பாக்கி வரும்.

இப்போது கணக்குப் போடுங்கள். சம்பளம் 2,600 வெள்ளி. மூன்று மாதம் என்றால் 7,800. ஆனால் 2019 ஜூனிலிருந்து வங்கிகளுக்கு உள்ள எல்லை பன்னிரண்டு மாதச் சம்பளம், அதாவது 31,200! வங்கி "இன்னும் எடுங்கள்" என்று சிரித்துக்கொண்டே நீட்டும்போது, அரசாங்கப் பாரத்தின் கோட்டை நீங்கள் எப்போதோ தாண்டியிருப்பீர்கள். இதை எந்த வங்கியும் நமக்குச் சொல்லாது.

ஏன் இத்தனை கண்டிப்பு? கடனில் மூழ்கியவனை யாரும் விலைக்கு வாங்கிவிடலாம் என்ற பயம். பயத்துக்குக் காரணமும் உண்டு. லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவின் உதவி இயக்குநர் ஒருவரே சுமார் 17 லட்சம் வெள்ளியைக் கையாடி, சூதாட்டத்தில் விட்டு, 2014ல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். நியாயம்தான். ஆனால் சூதாடிக்கும் அக்கா கல்யாணத்துக்குக் கடன் வாங்கியவனுக்கும் ஒரே கட்டம் போட்ட பாரத்தைக் கொடுப்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அமெரிக்காவில் 2017 முதல் நடப்பில் உள்ள பாதுகாப்பு அனுமதி விதிகளிலும் கடனுக்குத் தனிப் பகுதி உண்டு. நோய், வேலையிழப்பு, மணமுறிவு போலத் தன் கையை மீறிய காரணத்தால் கடன் வந்து, அதை ஒழுங்காக அடைக்க முயன்றிருந்தால், அதையும் எடைபோட வேண்டும் என்று அங்கே எழுதியே வைத்திருக்கிறார்கள்.

தயவுசெய்து மறைக்காதீர்கள். கடன் இருந்தால் விளக்கம் சொல்லலாம். பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுவே ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம். வங்கிக் கடன்கள் கிரெடிட் பீரோவில் பதிவாகின்றன. உரிமம் பெற்ற கடன்முதலாளிகளிடம் வாங்கியதற்கு வேறு பதிவகம் இருக்கிறது. பிள்ளை விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அந்த அறிக்கைகளை வாங்கிப் பாருங்கள்.

அட்டைக் கடனை அடைக்க கடன்முதலாளியிடம் ஓடாதீர்கள். 2015 முதல் அவர்களுடைய வட்டிக்கு உச்சவரம்பு மாதம் நான்கு சதவீதம். அதுவே அட்டை வட்டியைவிட அதிகம். உரிமம் இல்லாத ஆலோங் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம், வீட்டுக் கதவில் சாயம்தான் மிஞ்சும். கிரெடிட் கவுன்சிலிங் சிங்கப்பூர் என்ற அமைப்பு, வங்கிகளோடு பேசித் தவணைத் திட்டம் போட்டுத் தர உதவும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். காவல்துறைக்கோ விமான நிலையத்துக்கோ போக நினைக்கும் பிள்ளையின் பெயரில் தயவுசெய்து கடன் எடுக்காதீர்கள். அந்தத் தம்பியின் அம்மா இன்றுவரை அவன் முகத்தைப் பார்த்துப் பேசத் தயங்குகிறார்.

கூட்டம் முடிந்த பிறகும் நானும் இரண்டு தோழர்களும் அந்த மேசையில் இருப்போம். பாக்கிச் சீட்டுகளை எடுத்து வாருங்கள், சேர்ந்து கூட்டிப் பார்க்கலாம். யார் பெயரையும் எழுதிக்கொள்ள மாட்டோம்.