அதென்ஸின் அயல்குடியும் ஊவாவின் தோட்டக்குடியும்



கிரேக்க நாகரிகத்தைக் கற்கும் மாணவர், 'போலிஸ்' என்றால் நகர அரசு, 'டெமோஸ்' என்றால் மக்கள், 'டெமோக்கிறாட்டியா' என்றால் மக்களாட்சி என மனனஞ் செய்துவிடுகின்றனர். பரீட்சைக்கு இவை போதும். பதுளை மாணவர் கற்கவேண்டிய நான்காவது சொல்லொன்று உண்டு. அது 'மெற்றோய்க்கோஸ்'. வீடு மாறி வந்து குடியிருப்பவன் என்பது அதன் பொருள்.

அதென்ஸ் நகரில் இத்தகைய அயல்குடிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். வாணிகம் நடத்தினர், கைத்தொழில் வளர்த்தனர், போர் மூண்டால் படையிலும் நின்றனர். ஆடவர் ஆண்டுக்கு 12 திராக்மா வரி இறுத்தனர். ஆயினும் மக்கட் சபையில் அவர்க்கு இடமில்லை. நிலம் வாங்கும் உரிமையும் இல்லை. பிரசை யாவன் என்று இலக்கணம் வகுத்த அரிஸ்டோட்டிலே அங்கு அயல்குடிதான்!

தாய், தந்தை இருவருமே அதென்ஸ் குடியினராயிருத்தல் வேண்டும் என்ற சட்டத்தைக் கி.மு. 451-இல் கொணர்ந்தவர் பெரிக்கிளிஸ். பின்னர் கொள்ளைநோயில் மைந்தர் இருவரையும் இழந்த அவரே, மிலேற்றஸ் நகரத்து அஸ்பாசியா பெற்ற தம் மகனுக்குப் பிரசாவுரிமை வேண்டி மக்கள் முன் இரந்து நின்றார். மக்களும் இரங்கினர். தலைவன் மகனுக்குக் கிடைத்த அவ்விரக்கம் ஏனையோர்க்கு எளிதிற் கிட்டுமா?

ஊவாத் தோட்டங்களில் இக்கதை புதிதன்று. 1947 தேர்தலில் பதுளைத் தொகுதி, இலங்கை இந்தியர் காங்கிரஸைச் சேர்ந்த எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பிறந்தது. தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவர் என்றோ நிறுவுதல் வேண்டும். அப்புத்தளையிலோ பசறையிலோ லயத்துக் காம்பிராவிற் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரத்தை எங்கே தேடுவது? 1952 தேர்தலில் அக்காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை.

ஒப்புமையை அளவுக்கு மீறி இழுத்தலும் தவறு. அயல்குடிகளுட் செல்வர் பலர் இருந்தனர். தோட்டத் தொழிலாளிக்கோ கொழுந்துக் கூடையே சொத்து. குடியிருக்கும் வீட்டின் நிலம் தமதன்று என்பதில் மட்டும் இருவர் நிலையும் ஒன்றே.

1964 ஒக்டோபர் 30-இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதாம்! 1974-இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தனர். அவ்வொப்பந்த நாள் முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்தோர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்கட்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003-இல் நிறைவேறியபோது, 1948-இல் பிறந்த குழந்தைக்கு வயது 55.