இரவு முறையும் பதவி உயர்வும்

புனே, பரிதாபாத், ஜாம்ஷெட்பூர் முதலிய தொழில் நகரங்களில் குடியேறி வாழும் நேயர்களுக்கு ஆலைச் சங்கின் ஓசை புதிதன்று. முதல் முறை, இரண்டாம் முறை, இரவு முறை என்று அடுப்பெரியும் வேளையையும் அச்சங்கே வகுக்கிறது. இவற்றுள் இரவு முறையைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறோம்.

ஆலையில் பதவி உயர்வு பெரும்பாலும் இரவிலிருந்துதான் தொடங்குகிறது. பகலில் மேலதிகாரிகள் அனைவரும் இருப்பர். நள்ளிரவுக்குப் பின் கடைசல் இயந்திரம் ஒன்று நின்றுவிட்டாலோ, அங்கே நிற்பவரே முடிவு செய்தாக வேண்டும். அவ்வாறு சில இரவுகளைச் சமாளித்தவரையே, பொறுப்பேற்கத் தக்கவர் என்று நிர்வாகம் குறித்துக்கொள்கிறது. போர்மன் நாற்காலியும் அவரைத் தேடி வருகிறது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, மாலை 7 மணிக்குப் பின்னும் காலை 6 மணிக்கு முன்னும் பெண்களை வேலை வாங்கலாகாது என்று விதித்தது. மாநில அரசு இந்நேரத்தைத் தளர்த்த அச்சட்டத்தில் இடமிருந்தது. ஆயினும் இரவு 10 முதல் காலை 5 வரை அத்தளர்வுக்கு இடமில்லாதிருந்தது. நோக்கம் பாதுகாப்பே, அதனை நாம் பழிக்கவில்லை. விளைவைத்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் பணியாற்றிய ஆலையில், எங்களோடு ஒரே நாளில் சேர்ந்த அம்மையார் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வு மேசையிலேயே அமர்ந்திருந்தார். மைக்ரோமீட்டரை அவரளவு நுட்பமாகப் பார்ப்பவர் எங்களுள் எவருமிலர். உயர்வுப் பட்டியல் வரும்போதெல்லாம் அவர் பெயருக்கு எதிரே, ‘இரவு முறை அனுபவம் இல்லை’ என்ற ஒரே வரி இருக்கும். அது அவர் குற்றமன்று என்பதை எழுதியவரும் அறிவார், நாங்களும் அறிவோம். உயர்வு எங்களுக்குக் கிடைத்தமையால் வாய் திறந்தோமில்லை.

2000-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், இத்தடை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. போக்குவரத்து வசதி, பெண்களைக் குழுவாகவே அமர்த்துதல் முதலிய நிபந்தனைகளையும் விதித்தது. 2020-இல் நாடாளுமன்றம் இயற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், பெண்ணின் இசைவோடு இரவுப் பணிக்கு இடமளித்தது.

சட்டம் இசைந்தாலும் வீடு இசைய வேண்டுமே! இரவு முறை முடிந்து வரும் ஆண் உறங்குகிறான். பெண்ணோ அடுப்பை மூட்டுகிறாள். பாட்டியும் அத்தையும் ஊரில் இருக்க, நம்மைப் போல் வெளிமாநிலத்தில் வாழ்வோர் வீட்டில் குழந்தையை எவர் பார்ப்பது? கணவர் பகல் முறைக்கு மாறிக்கொள்ளலாம். அவ்வாறு மாறியவர்களை நாம் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவ்வம்மையார் 1998-இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அன்று நாங்கள் பணம் திரட்டி அவருக்கு ஒரு வெள்ளிக் குத்துவிளக்குப் பரிசளித்தோம். வழங்கிய ஐவரும் போர்மன்களே.