சென்னையில் ஒரு நாள்



கிணறு வெட்டும் தொழிலிலே வாழ்நாளைக் கழித்த என் தந்தையாருக்குச் சென்னையைக் காட்டவேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். நான் காட்டுபவன், அவர் காண்பவர் என்னும் செருக்கோடுதான் அன்று காலை புறப்பட்டேன்.

முதலில், 1851இல் தோன்றிய எழும்பூர் அருங்காட்சியகம். திருவாலங்காட்டு நடராசர் திருமேனியின் முன் நின்று, சோழர் கலையை விரித்துரைத்தேன். அடுத்துப் புனித ஜார்ஜ் கோட்டை. அங்கே, 1680இல் திறக்கப்பெற்ற தூய மரியன்னை ஆலயத்தின் சுவர்க் கனத்தைத் தந்தையார் முழம்போட்டு அளந்தார். "போதும், அப்பா" என்று தடுத்தேன்.

நண்பகலில் ஓர் உணவு விடுதி. பரிமாறியவரிடம் ரசத்தை உள்ளங்கையில் வாங்கிப் பருகினார். அடுத்த மேசையினர் நகைத்தனர். நான் தலைகுனிந்தேன். அதை அவர் கண்டுவிட்டார். பாயசத்தைத் தொடாமலே எழுந்தார்.

மாலையில் மெரினா கடற்கரை. தேவி பிரசாத் ராய் சவுத்ரி வடித்து, 1959இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலை. நால்வர் பெரும்பாறையொன்றைப் பெயர்க்கப் போராடும் காட்சி. விளக்கம் கூற வாயெடுத்தேன். தந்தையார் கையமர்த்தினார்.

"காலை ஊன்றியிருக்கிற முறையைப் பார், தம்பி. பாறையைப் புரட்டுவது கை அல்ல, பாதமும் இடுப்பும்தான். இதைச் செய்தவர் வேலையாட்களை அருகிருந்து பார்த்திருக்கிறார்."

பலமுறை அச்சிலையைக் கண்டவன் நான்; அந்தக் கால்களைக் கண்டதில்லை. என்னைப் படிக்கவைத்த கால்களையுந்தான்.

பின்பு சுண்டல் வாங்கி, மணலில் அமர்ந்து, ஒரே பொட்டலத்தில் இருவரும் உண்டோம்.

நண்பர்களே, உங்கள் பெற்றோரை நகரத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்களுக்குக் காட்டுவதற்கு மட்டுமன்று, அவர்கள் காட்டுவதைக் காண்பதற்கும்.