பதின்மூன்றுக்கு அடுத்தது பதினான்கு

இன்று இறையியல் பட்டம் பெறும் தம்பி தங்கையரே,

எபிரெயமும் கிரேக்கமும் படித்துத் தேறிவிட்டீர்கள். இனி ஏதாவதொரு சேகரத்துக்கு உங்களை அனுப்புவார்கள். அங்கே வேதம் எந்த வடிவத்தில் புழங்குகிறது என்று முதலில் கவனியுங்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வரிசையில் நின்று எடுத்த வாக்குத்தத்த அட்டை, காலண்டரில் தேதிக்கு மேலே ஒரு வரி, ஆட்டோவின் பின்கண்ணாடியில் ஒரு வரி, விடிந்ததும் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு ஒரு வரி. இதைப் பார்த்துச் சிரிக்கிற படிப்பாளிகள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி முழுக்க விழித்திருப்பவருக்கு மனதில் ஒரு வசனம்தான் நிற்கும், ஒரு அதிகாரம் நிற்காது.

இந்த வழக்கம் நம் ஊரில் மட்டும் இருப்பதும் அல்ல. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவியச் சபையார் ஒவ்வொரு நாளுக்குமான வசனங்களை 1731 முதல் புத்தகமாக அச்சிட்டு வருகிறார்கள். பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். புதிய ஏற்பாட்டு வசனத்தை மட்டும் அதற்குப் பொருத்தமாக யோசித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த யோசிக்கிற பாதிதான் உங்கள் வேலை. சபையார் ஒரு வசனத்தோடு நிற்கலாம். பிரசங்கபீடத்தில் ஏறுகிறவர் அங்கேயே நிற்கக்கூடாது.

நம் அட்டைகளில் மிகவும் பழகிய வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. நம்மைக் குறித்துத் தேவன் வைத்திருப்பது சமாதானத்துக்கான நினைவுகள் என்று சொல்கிற வசனம். வேலை கிடைக்காத பையனுக்கும், கல்யாணம் தள்ளிப்போகிற பெண்ணுக்கும் இதைத்தான் எடுத்துக் கொடுக்கிறோம். ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. கி.மு. 597-இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதியது. ஒரு வசனம் முன்னால் போனால், 70 வருஷம் ஆகும் என்று இருக்கிறது. அதாவது, கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக ஒருவரும் ஊர் திரும்பப்போவதில்லை. இன்னும் முன்னால் போனால், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்தவனின் பட்டணம் நன்றாயிருக்க ஜெபம் பண்ணுங்கள் என்று வருகிறது. இவ்வளவையும் சொன்ன பிறகுதான் பதினோராம் வசனம்.

முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில், சகல ஜனத்துக்கும் முன்பாகச் சொன்னவர். இரண்டு வருஷமா, எழுபது வருஷமா? யாருடைய கூட்டத்துக்கு ஆள் அதிகம் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெறும் பதினோராம் வசனத்தை மட்டும் வைத்துப் பிரசங்கிக்கிறவர், எரேமியாவின் பெயரைச் சொல்லி அனனியாவின் செய்தியைக் கொடுக்கிறார். என் தீர்ப்பு கடுமையாகத் தோன்றினால் தோன்றட்டும்.

1983-க்குப் பிறகு படகேறி வந்த இலங்கைத் தமிழர்களின் குடும்பங்கள் இன்னும் நம் மாநிலத்து முகாம்களில் இருக்கின்றன. உங்களில் யாராவது மண்டபம் பக்கம் போனால் இந்த அதிகாரத்தை அங்கே முழுவதுமாக வாசியுங்கள். நாற்பது வருஷம் என்பது என்னவென்று அவர்களுக்கு நீங்கள் விளக்க வேண்டாம். முகாமில் பிறந்த பிள்ளையைப் படிக்க வைப்பதும், வாசலில் ஒரு முருங்கை வைப்பதும் விசுவாசக் காரியம்தான் என்று ஐந்தாம் வசனத்திலிருந்து நீங்கள் சொல்லலாம். ஆனால் அதைச் சொல்லி, இங்கேயே திருப்தியாக இருங்கள் என்று முடித்துவிடாதீர்கள். திரும்பக் கொண்டுவருவேன் என்கிற வாக்கும் அதே கடிதத்தில் இருக்கிறது.

அடுத்தது பிலிப்பியர் 4:13. கிறிஸ்துவின் பெலத்தால் எல்லாம் செய்ய முடியும் என்று பவுல் சொல்கிற இடம். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளின் பேனாப் பெட்டியிலும் இருக்கும். பவுல் இதை எழுதியபோது கட்டுண்டு காவலில் இருந்தார். ஜெயிப்பதைப் பற்றி அவர் பேசவில்லை. பட்டினியும் தெரியும், வயிறார இருக்கவும் தெரியும் என்று பன்னிரண்டாம் வசனத்தில் சொல்லிவிட்டுத்தான் இதைச் சொல்கிறார். அதைவிட முக்கியம் பதினான்காம் வசனம். ஆனாலும் என் கஷ்டத்தில் நீங்கள் பங்கெடுத்தது நல்லது என்கிறார். பிறகு கணக்கே வருகிறது. மக்கெதோனியாவை விட்டுப் புறப்பட்டபோது வேறெந்தச் சபையும் உதவவில்லை, தெசலோனிக்கேயில் இருந்தபோதும் நீங்கள்தான் ஒருமுறைக்கு மேல் அனுப்பினீர்கள், இப்போது எப்பாப்பிரோதீத்து கையில் கொடுத்தனுப்பியதும் வந்து சேர்ந்தது என்று வரிசையாகச் சொல்கிறார். அந்த எப்பாப்பிரோதீத்து இந்த ஊழியத்தில் சாகும் அளவுக்கு வியாதிப்பட்டவர். அது இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது.

ஆகவே டயாலிசிஸ் படுக்கையில் கிடப்பவரிடம் 4:13-ஐச் சொல்லி ஜெபித்துவிட்டு வருகிற போதகர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார். அடுத்த வாரச் செலவுக்குச் சபைக்கமிட்டியில் பேசினாரா, வாரம் இருமுறை அவரைக் கூட்டிக்கொண்டு போக வண்டி வைத்திருக்கிற வாலிபரிடம் கேட்டாரா? அன்றாட விசுவாசத்துக்கான பாடம் பெரும்பாலும் புகழ்பெற்ற வசனத்தில் இராது. அடுத்த வசனத்தில், யாரும் அட்டையில் அச்சிடாத வரியில், பணமும் பயணமும் பேசப்படும் இடத்தில் இருக்கும்.

வசன எண்களைப் பவுல் போடவில்லை. புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் பயன்படுத்தும் எண்கள், 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில் வந்தவை. குதிரைப் பயணத்தின்போது அவர் இந்த வேலையைச் செய்ததாக அவருடைய மகன் எழுதிவைத்தார். சில வசனங்கள் வெட்டுப்பட்டிருக்கும் இடத்தைப் பார்த்தால் அந்தக் குதிரை அங்கே துள்ளியிருக்க வேண்டும் என்று கேலியாகச் சொல்வதுண்டு. எண்கள் தேடுவதற்கு உதவும். வாசிப்பதை நிறுத்தும் இடத்தை அவை தீர்மானிக்க வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். புதிய சேகரத்தில் உங்கள் முதல் ஞாயிறன்று பிரசங்கம் செய்யாதீர்கள். பிலிப்பியருக்கு எழுதின நிருபம் நான்கு அதிகாரம், 104 வசனம். அதை முதலிலிருந்து கடைசிவரை, நிதானமாக, எண்களைச் சொல்லாமல் வாசியுங்கள். அது ஒரு கடிதம். சபை கூடியிருக்கையில் உரக்க வாசிக்கத்தான் பவுல் அதை எழுதியனுப்பினார். அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.