குளிசையும் இருமலும்



சென்ற ஆண்டு ஐந்து மாதங்கள் என்னை ஓர் இருமல் ஆட்டிவைத்தது. சளியில்லை, காய்ச்சலில்லை. தொண்டையில் இறகால் வருடுவது போன்ற ஓர் அரிப்பு. அதன்பின் அடக்கவொண்ணாத வறட்டு இருமல். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நான் வாய் திறந்தாலே பிள்ளைகள் குனிந்து சிரிப்பார்கள். ஆடாதோடைக் குடிநீரும் பாணி மருந்தும் குடித்துத் தீர்த்தேன். காசநோயோ என்றஞ்சி நெஞ்சுப் படமும் எடுத்தாயிற்று. வீட்டில் என் தேநீர்க் கோப்பை தனியே வைக்கப்பட்டது.

ஈற்றில் இளம் வைத்தியர் ஒருவர், "ஐயா, பிரஷருக்கு என்ன குளிசை போடுகிறீர்கள்?" என்று வினவினார். எனலாப்ரில் என்றேன். அவர் புன்னகைத்தார்.

பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததன் பயனாகத் தோன்றிய மருந்து கப்டோபிரில். 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனலாப்ரில் அதன் இளவல். இரத்தக் குழாய்களை இறுக்கும் ஒரு பொருள் உடலில் உண்டாவதற்குத் துணைபுரியும் நொதியத்தை இது தடுக்கிறது. குழாய்கள் தளர, அமுக்கம் இறங்குகிறது. களைத்த இதயத்தின் சுமையும் குறைகிறது. ஆனால், பிராடிகைனின் என்னும் வேறொரு பொருளைச் சிதைத்தகற்றுவதும் அதே நொதியந்தான். கூட்டுபவனை நிறுத்திவிட்டால் முற்றத்தில் குப்பை சேருமல்லவா? அவ்வாறு தேங்கும் பொருளே மூச்சுக்குழாயைச் சீண்டுகிறது என்று கருதப்படுகிறது. ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு இவ்விருமல் வரும். குளிசை தொடங்கிப் பல மாதங்கள் கழித்தும் வரலாம். ஆகையால் எவரும் குளிசையைச் சந்தேகிப்பதில்லை.

வைத்தியர் எனக்கு லொசார்டன் மாற்றித் தந்தார். அது அந்நொதியத்தைத் தொடாது, வேறு வழியால் அமுக்கத்தைக் குறைப்பது. மூன்று வாரத்தில் இருமல் ஓய்ந்தது.

என் தமக்கையாருக்கும் முன்னர் இதே இருமல் இருந்தது. அவர் என்னிலும் கெட்டிக்காரர். குளிசைதான் காரணமென்று தாமே கண்டுபிடித்துவிட்டார். கண்டவர் வைத்தியருக்குச் சொல்லாமல் குளிசையை நிறுத்திவிட்டார். இருமல் நின்றது, கிளினிக்குக்குப் போவதும் நின்றது. அமுக்கம் ஓசையின்றி ஏறியது. எட்டாம் மாதம் பாரிசவாதம் கண்டது. அவருடைய வலக்கை இன்றும் எழாது. மாற்றுக் குளிசை உண்டென்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

உதடு, நாக்கு, முகம் வீங்குவதை மட்டும் இவ்விருமலோடு சேர்த்தெண்ணலாகாது. அது அரிது, ஆயினும் மூச்சை அடைக்கவல்லது. அப்போது அடுத்த குளிசையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

என் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில், "எனலாப்ரில் – இருமல்" என்று அவ்வைத்தியர் சிவப்பு மையால் எழுதியிருக்கிறார். எந்த வைத்தியரிடம் சென்றாலும் அந்தப் பக்கத்தையே முதலில் விரித்து நீட்டுகிறேன்.